ஐஸ் பெட்டியும் ஐந்து நாளும்: கூடலூர், பந்தலூர் நாட்குறிப்பு

முதல் நாள்: கோவையிலிருந்து கூடலூர்

"என்னம்மா பெட்டில? மீனா?" என்று கண்டக்டர் கேட்டார். "ரத்த டெஸ்டுக்கான மருந்துங்க" என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் மெதுவாக எழுந்து பின்னால் போய்விட்டார். ஊட்டி வரைக்கும் நானும் ஐஸ் பெட்டியும் ஆளுக்கொரு சீட்டில் சௌகரியமாகப் போனோம்.

கோவையில் ஒரு லேபில் பதினேழு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். வருடத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஒரு சின்னக் குழுவோடு மலைக்குப் போவது வழக்கம். இந்த முறை கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து ஆதிவாசிக் காலனிகளில் சிக்கிள் செல் பரிசோதனை. தினமும் ராத்திரி சிக்னல் கிடைத்தால் எழுதிப் போடுகிறேன். கிடைக்காவிட்டால் மறுநாள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகளில் 'அரிவாள் செல் ரத்தசோகை' என்று எழுதுவார்கள். ரத்தச் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப் பிறப்பதால் வருவது. ஆக்சிஜன் குறைந்தால் வட்டமான அணு வளைந்து அரிவாள் மாதிரி ஆகிவிடும். வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக் குழாய்களில் மாட்டிக்கொண்டு அடைக்கும்போது எலும்பை முறிக்கிற மாதிரி வலி. அந்த மரபணு அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் 'கேரியர்', பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. கேரியர் இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு நோய் வர.

இந்தியாவில் இது கண்டுபிடிக்கப்பட்ட முதல் பதிவுகளில் ஒன்று இந்த மலையிலிருந்துதான் போனது. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள். அதற்கப்புறம் எழுபது வருடம் ஓடிவிட்டது.

ஊட்டியில் பஸ் மாறினேன். பைக்காரா தாண்டி நடுவட்டம் வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் 1860-களில் சின்கோனா மரம் வளர்த்த இடம் இது. அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்குக் குயினைன் எடுத்தார்கள், இங்கேயே தொழிற்சாலையும் வைத்தார்கள். எனக்கு இந்த வளைவில் வரும்போதெல்லாம் ஒரு விஷயம் தோன்றும். சிக்கிள் மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்களுக்கு மலேரியா அவ்வளவாக ஆபத்து விளைவிக்காது. அதனால்தான் மலேரியாக் காடுகளில் வாழ்ந்த மக்களிடம் அது தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. மேலே குயினைன் காய்ச்சினார்கள். கீழே இருந்தவர்கள் மருந்தை ரத்தத்திலேயே வைத்திருந்தார்கள். அதற்கான விலையைத்தான் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூடலூர் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. எங்களோடு வேலை செய்யப்போகிற சுகாதாரப் பணியாளர் அக்கா அறைக்கே வந்து காத்திருந்தார். பணியர் என்ற ஆதிவாசிச் சமூகத்தைச் சேர்ந்தவர், இருபது வருடத்துக்கும் மேல் இந்த வேலையில் இருக்கிறார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ரப்பர் பேண்ட் போட்ட காகிதங்கள், ஓரமெல்லாம் பூஞ்சை.

"சிஸ்டர், புதுசா ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி இத என்ன செய்யறதுன்னு சொல்லுங்க."

(நான் நர்ஸ் இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். இந்த ஊரில் ஊசி பிடிக்கிற பெண் எல்லோரும் சிஸ்டர்தான்.)

இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு குழு வந்து எடுத்த ரத்தம். ரிசல்ட் அச்சாகி, ஏதோ ஓர் அலுவலக அலமாரியில் கிடந்து, போன மாதம்தான் இவர் கைக்கு வந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். அறுபத்து நாலு.

இரண்டாம் நாள்: எருமாடு பக்கம்

காலை ஒன்பதரைக்குக் காலனியில் இறங்கினோம். பேனர் கட்டினோம், மேஜை போட்டோம், டோக்கன் அடுக்கினோம். வந்தவர்கள்: நான்கு பாட்டிகள், கைக்குழந்தையோடு ஒரு அம்மா, ஒரு நாய்.

மற்றவர்கள் எல்லாம் ஏழரைக்கே வேலைக்குப் போய்விட்டார்கள். தேயிலைக்கு, பாக்குத் தோப்புக்கு. நிறைய ஆண்கள் இஞ்சித் தோட்ட வேலைக்கு கர்நாடகா போயிருக்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நம் மேஜை முன்னால் வந்து உட்கார வேண்டும் என்று நாம் நினைப்பதே முதல் தப்பு. "நான் சாயந்தரம்னு சொன்னேன், இல்லைன்னா ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன்" என்றார் அக்கா. யாரிடம் சொன்னார், யார் கேட்கவில்லை என்பதையெல்லாம் நான் கிளறவில்லை. கேட்காதவர்கள் பட்டியலில் எங்கள் குழுவும் இருக்கிறது.

முதலில் வந்த பாட்டியின் கையைப் பிடித்தேன். நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல். ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் நுனியில் மரப்பட்டை மாதிரி காய்த்து, வெடிப்புகளில் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருந்தது. லான்செட் வைத்துக் குத்தினேன். சத்தம் வந்தது, ரத்தம் வரவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. அக்கா என் தோளைத் தட்டி, பாட்டியின் மோதிர விரலைத் திருப்பி, பக்கவாட்டில் நகத்துக்குக் கிட்டே காட்டினார். "இங்க. கொழுந்து கிள்ளறவங்களுக்கு இங்கதான் தோலு இருக்கு." அங்கே குத்தியதும் துளி பளிச்சென்று வந்தது. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாட்டி ஏதோ சொன்னார். பணியர் மொழி, எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அக்கா சொன்னார்: "இதோட நாலாவது தடவையாம். மூணு தடவை வந்து குத்திட்டுப் போனாங்களாம். என்னன்னு ஒரு தடவைகூடச் சொல்லலையாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டு டியூபைக் குலுக்கினேன்.

அந்த டியூபைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் பிடித்த டெஸ்ட் இது. சின்னக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி கரைசல். அதில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம், ஒரு சொட்டுக்கும் குறைவு. கரைசலில் சோப்பு மாதிரி ஒரு பொருள் அணுக்களை உடைக்கும். டைதயோனைட் என்ற பொடி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். சாதாரண ஹீமோகுளோபின் என்றால் அப்படியே கரைந்து, குழாய் செம்பருத்தித் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். சிக்கிள் ஹீமோகுளோபின் கரையாது, கலங்கிப்போகும். பார்ப்பதற்குக் கோடு போட்ட அட்டையைப் பின்னால் பிடிக்க வேண்டும். என் அட்டை மழையில் நனைந்துவிட்டதால் நேற்றைய தினசரியைப் பிடித்தேன். தலைப்பு படிக்க வந்தால் ஒன்றுமில்லை, எழுத்து மறைந்தால் இருக்கிறது. கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரு குறை: கேரியரா நோயாளியா என்று இது சொல்லாது. அதற்கு ஊதா மூடி டியூபில் ரத்தம் எடுத்து, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கிற எச்பிஎல்சி மெஷினுக்கு அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் இது சரிவராது. பிறந்த குழந்தையிடம் வேறு வகை ஹீமோகுளோபின்தான் நிறைய இருக்கும்.

பாட்டியின் குழாயில் தலைப்பு தெளிவாகத் தெரிந்தது. "பாட்டி, உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று அங்கேயே சொன்னேன். "அத எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் மடித்துச் செருகிக்கொண்டார்.

சாயந்தரம் ஐந்தரைக்கு மேல் அக்கா சொன்னபடியே ஆட்கள் வந்தார்கள். எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் வரிசை. மொத்தம் முப்பத்தெட்டு பேருக்குக் குத்தினோம். ஒருவருக்குக்கூடக் கலங்கவில்லை. நல்ல செய்தி என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு வேன் ஏறினேன்.

மூன்றாம் நாள்: எங்கேயும் போகவில்லை

சேரம்பாடி ரோட்டில் யானை நிற்கிறது என்று டிரைவர் அண்ணனுக்கு போன் வந்தது. மழையும் விடவில்லை. அறையிலேயே உட்கார்ந்து கணக்கு எழுதினோம்.

எழுதும்போதுதான் உறுத்தியது. முப்பத்தெட்டில் ஒன்றுகூடவா இல்லை? அந்த அறுபத்து நாலு காகிதங்களில் அதே காலனி ஆட்களில் கேரியர்கள் இருக்கிறார்களே. நேற்றுக் கரைசலில் மிச்சம் இருந்தது. ஏற்கெனவே தெரிந்த கேரியர் ஒருவரின் ரத்தம் கண்ட்ரோலுக்காக, அதாவது மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, ஐஸ் பெட்டியில் இருக்கிறது. இரண்டையும் கலந்து தினசரிக்கு முன்னால் பிடித்தேன். கலங்க வேண்டிய குழாய். அரிசி விலை, வானிலை அறிக்கை எல்லாம் அழகாகத் தெரிந்தது.

கரைசல் செத்துப்போயிருந்தது. காலையில் கூடலூரில் கண்ட்ரோல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன், அப்போது சரியாக இருந்தது. மத்தியானம் ஆட்கள் வராத நேரத்தில் பாட்டிலை வெளியே எடுத்து வைத்த நான் மூடியை இறுக்கவில்லை. டைதயோனைட்டுக்குக் காற்றும் ஈரமும் ஆகாது. சாயந்தரம் மறுபடி ஒரு கண்ட்ரோல் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். பதினேழு வருடமாக ஜூனியர்களைத் திட்டுகிற அதே தப்பு. கூட்டம் சேர்ந்ததும் மறந்துவிட்டேன்.

விரலில் குத்தி நேராகக் கரைசலில் விட்ட ரத்தம். சேமித்து வைத்திருந்தால் லேபிலேயே மறுபடி போட்டிருக்கலாம், அதுவும் இல்லை. மறுபடி போய் முப்பத்தெட்டு பேரையும் குத்த வேண்டும். பாட்டிக்கு ஐந்தாவது தடவை. போதாக்குறைக்கு, ஒன்றுமில்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அவர் ரேஷன் கார்டோடு இருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு விடியக்காலம் ஆறு மணி. ஆளு வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. நீங்களே சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

மத்தியானம் முழுக்க அந்தப் பழைய கட்டைப் பிரித்தோம். ஏன் இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. சோம்பேறித்தனம் பாதிதான். ஒரு காகிதத்தில் பெயர், வயது, 'சேரம்பாடி' என்று மட்டும். அந்தப் பெயரில் சேரம்பாடிப் பக்கம் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று அக்கா விரல் விட்டு எண்ணினார். ஆதார் கார்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர். வயது யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. கல்யாணமாகி வேறு காலனிக்குப் போன பெண்கள். போன் நம்பர் இடத்தில் பத்து பேருக்கு ஒரே நம்பர், அந்தக் காலனியில் போன் வைத்திருந்த ஒரே பையனுடையது. அக்கா பேனாவை எடுத்து ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதினார்: 'கிணத்துக்குப் பக்கத்து வீடு', 'கோயில்ல ஆடறவர் மருமக', 'கால் நொண்டறவர் தம்பி'. நாலு மணிக்குள் அறுபத்து நாலில் ஐம்பத்தொன்றுக்கு ஆள் தெரிந்துவிட்டது. இதற்கு எந்த சாஃப்ட்வேரும் தேவைப்படவில்லை.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் பிரதமர் தொடங்கிவைத்த தேசியத் திட்டத்தின் குறி, 17 மாநிலங்களில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிப்பது. 2047-க்குள் நோயை ஒழிப்பது. தமிழ்நாடும் அதில் உண்டு. பெரிய காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் கேம்ப் என்றாலே எங்களுக்கெல்லாம் ஒரு வியாதி இருக்கிறது. எத்தனை பேரைக் குத்தினோம் என்று ராத்திரியே கணக்கு அனுப்புவோம். எத்தனை பேருக்குப் பதில் சொன்னோம் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. என் படிவத்திலும் கிடையாது, இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான்காம் நாள்: மறுபடியும் அதே காலனி

ஐந்து மணிக்குக் கூடலூரிலிருந்து கிளம்பி, தேவர்சோலை, பிதர்காடு வழியாகப் போனோம். பனியில் வேனின் லைட் பத்தடிக்கு மேல் போகவில்லை. இந்தத் தடவை பொடியைத் தனியாகக் கொண்டுபோய், காலனியில் வைத்தே கலந்தேன். கண்ட்ரோல் போட்டேன். கலங்கியது. அரை மணிக்கொரு தடவை போட்டேன்.

முற்றத்தில் நின்று சொன்னேன்: "முந்தாநாள் நான் பார்த்தது தப்பு. மருந்து கெட்டுப்போச்சு. தப்பு என்மேலதான். மறுபடி எடுக்கணும்." அக்கா அவர்கள் மொழியில் சொன்னார், என் பேச்சைவிட நீளமாக இருந்தது. ஒரு ஆள் எதுவும் பேசாமல் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு பெண்கள் அவர் பின்னால். மிச்சப் பேர் நின்றார்கள். பாட்டி முதலில் வந்து உட்கார்ந்து, மோதிர விரலைப் பக்கவாட்டாகத் திருப்பி அவரே நீட்டினார். கவரிலிருந்து பழைய காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அதைக் கிழித்துப் போடவா என்று கேட்டேன். "முதல்ல பாரு, அப்புறம் கிழி."

அவருக்கு இந்தத் தடவையும் தெளிவுதான். மூன்று பேருக்குக் கலங்கியது. அவர்களுக்கு ஊதா மூடி டியூபில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

பிறகு அக்கா அந்தக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார், நான் பின்னால். அவர் பதில் சொல்கிற விதம் எனக்குப் புதுசு. காகிதத்தை முற்றத்தில் வைத்து எடுப்பதில்லை. உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டஞ்சாயா குடித்து முடித்த பிறகுதான். கேரியர் என்றால் 'நோய்' என்ற வார்த்தையே வராது. "உனக்கு ஒண்ணுமில்ல. கல்யாணம் பேசும்போது மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு." ஒரு அம்மா, மகளுடைய காகிதத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினார். போன வருடம் ஒரு காலனியில் இதனால் ஒரு சம்பந்தம் நின்றுபோயிருக்கிறது. பையனைச் சோதிக்கவே இல்லை, பெண்ணின் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தட்டிக்கழித்திருக்கிறார்கள்.

கடைசி வீட்டில் பத்தொன்பது வயதுப் பையன். போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். கண்ணின் வெள்ளை மஞ்சள் பூத்திருந்தது. இஞ்சி வேலைக்குப் போன இடத்தில் மழையில் நனைந்ததும் தொடையிலும் முதுகிலும் வலி வந்து, பாதியில் திரும்பியிருக்கிறான். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். வாதம் என்று ஒருவர் எண்ணெய் கொடுத்திருக்கிறார், ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார் இன்னொருவர். வேலைக்குப் போகச் சோம்பல்படுகிறான் என்று மேஸ்திரி.

அவனுடைய காகிதம் என் கையில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. சிக்கிள் ஹீமோகுளோபினுக்கான 'எஸ்' என்ற கட்டத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல். சாதாரண ஹீமோகுளோபினுக்கான 'ஏ' கட்டத்தில் ஒன்றுமே இல்லை. எஸ்எஸ், அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வந்தது. கேரியர் இல்லை, நோயேதான். இந்த வலிக்கு இரண்டு வருடமாகப் பெயர் இருந்திருக்கிறது, ஓர் அலமாரியில்.

எனக்கு வாய் வரவில்லை. அக்கா அவன் காலைப் பிடித்துக்கொண்டே பேசினார். "இது வாதம் இல்ல மோனே. நீ சோம்பேறியும் இல்ல. தண்ணி நிறைய குடிக்கணும். நனையக் கூடாது, குளுர்ல நிக்கக் கூடாது. காய்ச்சல் வந்தா அன்னைக்கே வந்துடணும், மறுநாள் பார்க்கலாம்னு இருக்கக் கூடாது." அவன் கேட்டது ஒன்றுதான்: "நான் சோம்பேறி இல்லன்னு மேஸ்திரிகிட்ட எழுதித் தருவீங்களா?"

ஹைட்ராக்சியூரியா மாத்திரை வலி வருவதைக் குறைக்கும். போலிக் அமிலமும் கொடுப்பார்கள். ஹைட்ராக்சியூரியா சாப்பிட ஆரம்பித்தால் அணுக்கள் எண்ணிக்கையை அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து தார்ரோட்டுக்கு முக்கால் மணி நடை. அங்கிருந்து ஷேர் ஜீப், பிறகு பஸ். துணைக்கு வருகிறவருக்கும் கூலி போகும். மாத்திரையின் விலை இந்தக் கணக்கில் கடைசி வரிசை.

அவனையும் அவன் அம்மாவையும் எங்கள் வேனிலேயே ஏற்றிக்கொண்டோம்.

ஐந்தாம் நாள்: கூடலூரிலிருந்து கோவை

பையனைக் கூடலூரில் டாக்டர் பார்த்தார், படுக்க வைத்து சலைன் ஏற்றினார்கள். இந்த ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1990-இல் அஸ்வினி என்ற அமைப்பு இங்கே ஆரம்பித்த ஆதிவாசி மருத்துவமனையில், எழுதப் படிக்கத் தெரிந்த ஆதிவாசிப் பெண்களையே நர்ஸ்களாகப் பழக்கினார்கள். தன் மொழியில் 'எங்க வலிக்குது' என்று கேட்க ஆள் இருக்கும் இடத்துக்கு ஜனங்கள் தாங்களே வருவார்கள் என்பதை இந்த ஊர் முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மத்தியான பஸ். ஐஸ் பெட்டி மடியில், உள்ளே ஊதா மூடி டியூப் மூன்று. ஒவ்வொன்றின் மேலும் பெயர், வீட்டுப் பெயர், 'யாருக்கு என்ன உறவு' என்று அக்காவின் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது. எங்கள் மெஷினின் படிவத்தில் இதற்கெல்லாம் இடம் கிடையாது, ரிமார்க்ஸ் கட்டத்தில்தான் திணிக்க வேண்டும்.

நடுவட்டம் ஏறும்போது போன் வந்தது.

"சிஸ்டர், அன்னைக்கு வேலைக்குப் போயிட்டாரே ஒருத்தர், அவரும் அந்த ரெண்டு பொண்ணுகளும் ஞாயித்துக்கிழமை வராங்களாம். நானே போட்டுப் பார்த்துடறேன், கத்துக்கிட்டேன்ல."

"மருந்து வேணுமே அக்கா."

"பொடியத் தனித்தனிப் பொட்டலமா, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு கட்டி, காத்துப் போகாம ஒட்டி அனுப்புங்க. தண்ணி மருந்தத் தனி பாட்டில்ல. இங்க வந்து நாங்க கலந்துக்கறோம். கலந்து அனுப்பிடாதீங்க, என்ன?"

"சரிக்கா. நாளைக்குக் காலைல ஆறு மணி கூடலூர் பஸ்ல கண்டக்டர்கிட்ட கொடுத்துடறேன்."

"அப்புறம் அந்தக் கண்ட்ரோல் ரத்தம். அதையும் ஐஸ்ல வைங்க. மூடிய நல்லா இறுக்குங்க."